ஐந்தேகால் பஸ்ஸும் இரண்டு கொலைப்பட டைரக்டர்களும்

அறுபதுகளின் நடுவில் பரந்தன் சந்திக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தகரக் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமைகளில் படம் காட்டினார்கள். பின்னேரம் இரண்டரைக்குத் தொடங்கினால் முடிய ஐந்தே முக்கால் ஆகும். எங்கள் குடியேற்றத் திட்டத்துக்குத் திரும்பும் கடைசி பஸ் ஐந்தேகாலுக்கு. டிரைவருக்குக் கலையில் ஈடுபாடு கிடையாது. கொட்டகை வாசலில் நிறுத்தி இரண்டு தரம் ஹோர்ன் அடிப்பான். மூன்றாம் தரம் அடித்தால் பஸ் போய்விடும். விட்டால் ஆறு கட்டை, ஆறு மைல் நடை, அதுவும் பொழுதுபட்டால் யானை நிற்கும் றோட்டில். ஆகவே முதல் ஹோர்னுக்கே நாங்கள் எழும்பி, திரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு வெளியே வருவோம். மூன்று வருடம் படம் பார்த்த எங்கள் சனத்தில் ஒருத்தரும் ஒரு படத்தின் முடிவைக் கண்டதில்லை.

இது பெரிய குறையாக எங்களுக்குப் படவுமில்லை. பானையில் அடிப்பிடித்த சோற்றைப்போல, படத்தின் கடைசிப் பகுதியையும் விட்டுவிடுவதுதான் முறை என்று நினைத்துவிட்டோம். நினைத்ததோடு நிற்காமல் அதன்மேல் தத்துவமும் கட்டினோம்.

அந்த நாளில் மதராசில் கொலைப்படம் எடுப்பதில் இரண்டு பேர் பெரிய ஆட்கள். பெயர் சொல்லமாட்டேன்; அவர்களுக்காகச் சண்டைபிடிக்க எனக்கு இப்போது பல் இல்லை. வாசிகசாலையில் நாங்கள் வைத்த பட்டப்பெயர்களே போதும். ஒருவர் நிழல்காரர், மற்றவர் மணிக்கூட்டுக்காரர்.

நிழல்காரரின் படத்தில் எந்நேரமும் மழை பெய்யும். ஒரு பெரிய வீடு, ஒரு மாடிப்படி, கையுறை போட்ட ஒரு கை. கைக்குச் சொந்தக்காரனைக் காட்டமாட்டார். எட்டுப் பேரில் ஒருவன் கொலைகாரன், ஆனால் எட்டுப் பேரும் முழியைப் பிரட்டுவார்கள். சமையல்காரன்கூட ஒரு காரணமுமில்லாமல் கத்தியைத் தீட்டுவான். பெண்கள் வீறிட்டுக் கத்துவதற்கென்றே படம் முழுக்க விளக்கைப் பிடித்துக்கொண்டு திரிவார்கள். கடைசியில் துப்பறிகிறவர் எல்லோரையும் மண்டபத்தில் கூட்டி இருத்தி, தொண்டையைச் செருமி, கொலைகாரன் இந்த அறைக்குள்தான் இருக்கிறான் என்பார். அப்போது நேரம் சரியாக ஐந்து பத்து. ஹோர்ன் கேட்கும்.

மணிக்கூட்டுக்காரர் அப்படி ஒளித்துப் பிடித்து விளையாடுகிறவர் இல்லை. முதல் பத்து நிமிடத்திலேயே ஆளைக் காட்டிவிடுவார். நல்ல வெயில் எறிக்கும். வடிவாகத் தலை சீவி இழுத்த, தாயில் உயிரையே வைத்திருக்கிற ஒரு கனவான் கோபதாபம் இல்லாமல், நேரம் பார்த்து, ஒரு ஆளைக் கொல்வான். சுவரில் மணிக்கூடு, கையில் மணிக்கூடு, ரயில் நிலையத்தில் மணிக்கூடு. அவன் எங்கே சறுக்கிவிடுவானோ என்று எங்களுக்கு வியர்க்கும். அவர் படத்துப் பெண்கள் கத்தமாட்டார்கள். கழன்று விழுந்த பொத்தானைக் கண்டு பேசாமல் எடுத்து வைத்துக்கொள்வார்கள். பிறகு பொலிஸ் வந்து கதவைத் தட்டும். அவன் சிரித்த முகத்தோடு தேத்தண்ணி கொடுப்பான். உடனே ஹோர்ன்.

என் பக்கத்துக் காணிக்காரர் நிழல்காரர் கட்சி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். நிழல்காரர் பெரிய ஞானி என்பது அவர் வாதம். மனிதரில் யார் குற்றவாளி என்று ஒருவராலும் சொல்ல முடியாது, எட்டுப் பேரிலும் கொஞ்சம் கொஞ்சம் குற்றம் கிடக்கிறது, அதனால்தான் அந்த மனிதர் பெயரைச் சொல்லாமலே படத்தை முடிக்கிறார் என்பார். விளக்குக்கு வழியில்லாமல் இருட்டில் எடுக்கிற ஆளை ஞானியாக்க வேண்டாம் என்பேன் நான். மணிக்கூட்டுக்காரர்தான் நெஞ்சுரம் உள்ள ஆள்: திட்டம் சுத்தமாக இருந்தால் கள்ளன் பிடிபடமாட்டான் என்ற உண்மையைப் படத்துக்குப் படம் துணிந்து சொல்கிறார் என்று மேசையில் அடித்துப் பேசுவேன். உம்முடைய ஆள் எடுப்பது படமில்லை, ரயில் நேரசூசி என்பார் அண்ணை. பேப்பர் படிக்க வந்தவர்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எங்களைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அந்த வருடம் கோடையில் செய்த சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் வற்றியது. முறை வைத்துத்தான் விட்டார்கள். காலையில் வட்டவிதானை, அதாவது வயலுக்கும் தண்ணீருக்கும் பொறுப்பான ஆள், அன்றைய முறைகாரரின் வயல்வாயை அடைத்திருக்கிற பலகையைக் கழற்றி வாய்க்காலைத் திறந்துவிட்டுப் போவார். என் மூன்று ஏக்கரும் கதிர் தள்ளுமுன், குடலைப் பருவத்தில் வெடித்துக் கிடந்தது. என் முறை புதன்கிழமை. அதுவரைக்கும் பயிர் தாங்காது என்று பார்த்தவுடனே தெரிந்தது. மனைவிக்கு ஏழு மாதம். பயிர் போனால் யாழ்ப்பாணத்தில் மாமனார் வீட்டில் போய் ஒதுங்க வேண்டியதுதான். வன்னிக்குப் போனால் காட்டானாகிப் போவாய் என்று சொல்லி அனுப்பின மனிதர். அவர் குசினிக்குப் பக்கத்து அறையில் பாய் விரிப்பதைவிட யானை காலில் படுக்கலாம் என்று எனக்கிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணையின் முறை. அவரிடம் வாய்விட்டுக் கேட்கலாம் என்று ஒருதரம் தோன்றியது. கேட்டால் நிழல்காரர்தான் பெரிய ஆள் என்று முதலில் ஒப்புக்கொள்ளச் சொல்வார் என்ற எரிச்சலில் விட்டுவிட்டேன். தன்னுடைய முறை நாளில் வயலைப் போட்டுவிட்டுப் படத்துக்கு வருகிறவருக்குத் தண்ணீரின் அருமை என்ன தெரியும் என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. விசரன்தான், வேறென்ன.

முந்தின ஞாயிறு வந்தது மணிக்கூட்டுக்காரரின் படம். அதில் கொலைகாரன் ஒரு நாடகத்துக்கு டிக்கெட் எடுத்து, ஊர் காண உள்ளே போய், பின்பக்கத்தால் நழுவி, காரியத்தை முடித்துவிட்டுத் திரும்பி வந்து சனத்தோடு சேர்ந்து கைதட்டுகிறான். புதுப் படப்பெட்டி வராததால் இந்த ஞாயிறும் அதே படம்தான் என்று அறிந்தபோது கடவுளே எனக்காக இறங்கி வந்ததுபோல இருந்தது. படம் எனக்கு மனப்பாடம். கேட்டால் சொல்லலாம்.

சனிக்கிழமையே சைக்கிளைச் சந்தியில், பிறேக் பார்க்கவேண்டும் என்று ஒரு கடையில் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணையோடு பஸ்ஸில் போனேன். எல்லோரும் காண டிக்கெட் எடுத்தேன். சோடா ஒன்று குடித்துவிட்டு வருகிறேன், நீங்கள் போங்கோ என்று அவரை உள்ளே அனுப்பினேன். விளக்கு அணைந்ததும் சைக்கிளை எடுத்து மிதித்தேன். ஆறு கட்டையும் வெயில் பிடரியில் ஏறி இருந்தது. வாய்க்காலடியில் ஒரு குருவி இல்லை. அண்ணையின் வயல்வாயில் பலகையைப் போட்டு இறுக்கினேன், என் பலகையைக் கழற்றினேன். தண்ணீர் என் வயலுக்குள் பாய்ந்த சத்தத்தைக் கேட்டு எனக்கு அப்படியொரு சந்தோஷம். வெட்கம் பிறகுதான் வந்தது. அன்றைக்குச் சந்தோஷம் மட்டும்தான். பின்னேரம் வந்து பலகைகளைப் பழையபடி மாற்றிவிடலாம், ஈரத்தைப் பற்றி யாரும் கேட்டால் வரம்பில் நண்டுப் பொந்து என்று சொல்லலாம். எல்லாவற்றுக்கும் பதில் தயார்.

சைக்கிளைப் பழையபடி கடையில் விட்டுவிட்டு, நாலரைக்குக் கொட்டகைக்குள் திரும்பிவந்து பின்சுவரோடு நின்றேன். திரையில் பொலிசுக்குத் தேத்தண்ணி கொடுபட்டது. ஹோர்ன் கேட்டது. சனத்தோடு சனமாக வெளியே வந்து பஸ்ஸில் அண்ணைக்குப் பக்கத்தில் இருந்தேன். அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் நான் வந்திருந்தேன் என்று பஸ் முழுக்கத் தெரியவேண்டுமே.

"பாத்தியளோ அண்ணை, இண்டைக்கும் தப்பியிட்டான். மணிக்கூட்டுக்காரற்ர ஆள் ஒருநாளும் பிடிபடான்."

உரத்துத்தான் சொன்னேன். பஸ் சத்தம் ஓய்ந்தது. முன்னுக்கிருந்த கத்தரிக்காய்க் கடகக்காரி முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தா. கொண்டக்டர் டிக்கெட் கிழிக்கிற கையை நிறுத்தினான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணைதான் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கக்கூடியதாகச் சொன்னார்:

"தம்பி விளக்கு நிப்பாட்டின உடனேயே நித்திரையாப் போனவர். பெஞ்சாதிக்குச் சுகமில்லை, ரெண்டு நாளாக் கண்மூடேல்லை, பாவம்."

பஸ் சிரித்தது. பிறகு ஆளுக்கு ஆள் முண்டியடித்து எனக்குச் சொன்னார்கள். விளக்கு நிற்பாட்டின பிறகு கொட்டகை மனேஜர் மேடையில் ஏறி, குடியேற்றத் திட்டத்து ஆட்கள் ஒருநாளும் முடிவைப் பார்க்காமல் போகிறார்கள், பாவமாக இருக்கிறது, ஆகையால் இன்றைக்குக் கடைசி ரீலை முதலில் போடுகிறேன் என்றாராம். பிந்தாமலிருக்க நடுப் பாட்டுகளை வெட்டிவிட்டு அதைப் போட்டாராம். அதில் கொலைகாரன் பிடிபடுகிறானாம். துப்பறிகிறவர் வேறொன்றும் கேட்கவில்லையாம். அன்றைக்கு நாடகத்தின் நடுவில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டாராம். ராசா வேடக்காரன் மயங்கி விழுந்து நாடகமே நின்றுபோன சங்கதி அவனைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்ததாம். கத்தரிக்காய்க்காரி அவன் முழித்த முழியை எனக்கு முழித்துக் காட்டினா. மிச்ச வழி முழுக்க நானும் சேர்ந்து சிரித்தேன். ஒருவருக்கும் என்னில் சந்தேகமில்லை. அண்ணையின் முகத்தை மட்டும் நான் பார்க்கவில்லை.

இருவருக்கும் இறங்குமிடம் ஒன்று. அவர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் என்னோடு வாய்க்காலடிக்கு நடந்தார். வெயில் இன்னும் முற்றாக இறங்கவில்லை. என் வயல் வரப்பு முட்டத் தண்ணீர். அவர் வயல்வாயில் பலகை, என் கைச் சேற்று அடையாளத்தோடு, இறுகிக் கிடந்தது. வட்டவிதானையிடம் அவர் ஒரு சொல் சொன்னால் என் இரண்டு முறைத் தண்ணீரை வெட்டுவார்கள். அத்தோடு பயிர் முடிந்தது, பிறகு மாமனார் வீடுதான். அவர் ஏசுவார் என்று பார்த்தேன். ஏசினால் நண்டுப் பொந்தைச் சொல்லியிருப்பேன். அவர் குனிந்து அந்தச் சேற்று அடையாளத்தை மட்டும் பார்த்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"நான்தான் அண்ணை மாத்தினனான்."

"தெரியும்."

நான் வாய்க்காலுக்குள் இறங்கி அவருடைய பலகையை இழுக்கக் குனிந்தேன். விடும் என்றார். என்ர பயிர் போன கிழமையே செத்துப் போட்டுது, எரிபந்த நோய் என்றார். வீட்டில் மனைவிக்கு இன்னும் சொல்லவில்லையாம். அவர் வயலை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். கிழமை முழுக்க அந்த மஞ்சளைக் கண்டிருந்தேன், அதுவும் தாகம்தான் என்று நினைத்திருந்தேன். கிட்டப் பார்த்தால் தாள் சாம்பலாய்க் கருகியிருந்தது. அவ்வளவு நேரம் அதன் கரையில் குந்தியிருந்து களவெடுத்த நான், ஆட்கள் வருகிறார்களா என்று பார்த்தேனே தவிரப் பயிரைப் பார்க்கவில்லை.

"இண்டைய முறையை நீர் எடும், வெட்டினாப் பிறகு எனக்கு விதைநெல்லுத் தாரும் எண்டு கேக்கத்தான் படத்துக்கு வந்தனான். பக்கத்தில சால்வையைப் போட்டு இடம் பிடிச்சு வைச்சிருந்தன். நீர் வரேல்லை."

எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். அவர் தன் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நேற்றும் என் படலை வரைக்கும் வந்து திரும்பிப் போனாராம்.

"கேக்க எனக்கு வெக்கமாக் கிடந்தது, தம்பி."

வெட்கம் அவருக்காம். முழங்கால் மட்டும் சேற்றில் நின்று, அவருக்கு முகம் தெரியாதபடி திரும்பி, நான் அழுதேன்.