டவர் நிஷாவும் பச்சை சிம்மும்

திருமலைராயன்பட்டினத்தில் புது சிம் வாங்கப் போகிற பெண்கள் முதலில் கமர் நிஷாவின் வாசலில் வந்து நிற்பார்கள். எந்த சிம் மாடியில் எடுக்கும், எது அடுப்படியில் எடுக்கும், எது மழை தூறினாலே படுத்துவிடும், எதில் அவர்கள் பேசுவது நமக்குக் கேட்டு நாம் பேசுவது அவர்களுக்குப் போகாது என்பதையெல்லாம் தையல் மிஷினை நிறுத்தாமலே சொல்லிவிடுவாள். அவள் மூன்றாம் வகுப்போடு நின்றவள். போனில் வரும் செய்தியை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். மீன்காரம்மா விளையாட்டாக வைத்த பெயர் ஊரில் ஒட்டிக்கொண்டுவிட்டது. டவர் நிஷா.

அவளுடைய போனில் மட்டும் இன்றைக்கும் பச்சை சிம்தான் கிடக்கிறது. எல்லாரிடமும் வாங்காதீர்கள் என்று அவளே சொல்லுகிற சிம் அது.

கமர் நிஷாவுக்குக் கூடப் பிறந்தவர் ஒரே ஒருவர், நாகூர் மீரான் நானா. வாப்பா கண்ணை மூடி மௌத்தானபோது அவள் பாவாடை கட்டிக்கொண்டு திரிந்த பிள்ளை. அண்ணன்தான் கடையில் நின்று வளர்த்தார், அவர்தான் காஜா நஜ்முதீனைப் பார்த்து நிக்காஹ் முடித்து வைத்தார். மாப்பிள்ளை கல்யாணமான மறுவருஷமே வெளிநாட்டுச் சபருக்குப் போய், குவைத்தில் வண்டி ஓட்டுகிறார். மனைவி தலையில் போடும் மக்கனா தைத்துக் காரைக்கால் கடைகளுக்குக் கொடுக்கிறாள். இவர்களுக்கு ஒரே மகள், நௌஷின்.

நௌஷின் பிறந்த அன்றே நானா தொட்டிலில் கை வைத்து, "இவ என் மவன் தௌஹீதுக்கு" என்றார். குடும்பத்தில் எல்லாரும் அதை நம்பியே வளர்ந்தார்கள். பெருநாளுக்குத் துணி எடுத்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் எடுப்பார்கள். பிள்ளைகள் வளர்ந்து நாள் பார்க்க வேண்டிய சமயத்தில் நானா நாகப்பட்டினத்தில் வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டார். அதை அவர் வாயால் வந்து சொல்லவில்லை. பள்ளிவாசலில் நிக்காஹ் அறிவிப்பு வாசித்தபோதுதான் ஊரோடு சேர்ந்து இவளுக்கும் தெரிந்தது.

அன்றைக்கு விட்டதுதான் பேச்சு. நௌஷினுக்குக் காரைக்காலில் நல்ல இடம் அமைந்தது. அவள் சிரித்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறாள். உம்மாவுக்குத்தான் ஆறவில்லை. நானா பெருநாள் தோறும் போன் போடுவார். ஒரு மணி அடித்ததும் கமர் நிஷா சிவப்புப் பொத்தானை அழுத்திவிடுவாள். அவருடைய நம்பர் எந்த எண்ணில் முடிகிறது என்று பார்க்கக்கூட வேண்டாம், அந்தப் பொத்தானுக்கு விரல் தானாகப் போய்விடும்.

நானாவுக்கு ஹஜ்ஜுக்குப் போகும் பாக்கியம் கிடைத்தது. ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர்கள் வீடு வீடாகப் போய், அறிந்தும் அறியாமலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது நம் வழக்கம். மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும், அல்லாஹ்வும் அதற்குப் பிறகுதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நானா இவள் வீட்டுக்கும் வந்தார். கமர் நிஷா கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றாள். வாசலில் அவர் செருப்புச் சத்தமும் இருமலும் கேட்டன. "நிஷா" என்று ஒரு தரம் கூப்பிட்டார். பிறகு செருப்புச் சத்தம் தெருவோடு போய்விட்டது.

அடுத்த வாரம் ஒரு நாள், சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு மிஷினில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். காஜா நஜ்முதீன் அங்கே யார் யார் போனிலிருந்தோ கூப்பிடுவார், அதனால் அவர் என்று நினைத்துத்தான் எடுத்தாள்.

"நிஷா, நாந்தான். வச்சுடாத. மக்காவுலேர்ந்து நாளைக்கு மினாவுக்குக் கிளம்புறோம். ஒம் மனச நோக வச்சுட்டேன். பொறுத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு."

கட்டைவிரல் சிவப்புப் பொத்தானின் மேல் போய் நின்றது. அழுத்தவில்லை. அது ஏன் அழுத்தவில்லை என்று அவளுக்கே தெரியாது. 

"கேக்குதா?" என்றார் நானா.

அவள் வாயைத் திறந்து, "பொறுத்துக்கிட்டேன் நானா" என்றாள்.

"கேக்குதா நிஷா? கேக்குதா?"

மறுபடி சொன்னாள். அவர் மறுபடி கேக்குதா என்றார். பிறகு இரைச்சல் மட்டும் வந்தது. எண்ணெய் காய்கிற மாதிரி ஒரு இரைச்சல். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுபோனது. திரும்ப அந்த நம்பருக்குப் போட்டால் வெளிநாட்டுக்குப் போகிற வசதி இந்த சிம்மில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது.

சரி, ஊருக்கு வரட்டும், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். நானா ஊருக்கு வரவில்லை. ஹஜ்ஜை முடித்த பிறகு, மக்காவில் தங்கியிருந்த அறையிலேயே மூச்சு நின்றுவிட்டது. அங்கேயே அடக்கம் செய்தார்கள். அந்த மண்ணில் அடங்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று ஊரே சொன்னது. கமர் நிஷாவும் அல்ஹம்துலில்லாஹ் என்றாள். ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் தனியாக இல்லை.

குக்கர் விசில் அடங்கிச் சீறும்போது அதற்குள் "கேக்குதா" என்று இருக்கும். பள்ளிவாசலில் பாங்கு சொல்வதற்கு முன் மோதினார் மைக்கை ஊதிப் பார்ப்பார், அந்த ஊதலிலும் இருக்கும். துணியை ஓட்டிக்கொண்டே போகும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ பதிலுக்காகக் காத்திருப்பது போலத் தோன்றி மிஷினை நிறுத்துவாள். நிறுத்தினால் ஒன்றும் இருக்காது. போனும் அதற்குத் தகுந்தாற்போல நடந்துகொண்டது. சில நாள் அஸருக்குப் பிறகு அடிக்கும். எடுத்தால் பேச்சு இருக்காது, அதே எண்ணெய் காய்கிற இரைச்சல். காஜா நஜ்முதீனிடம் கேட்டால், "நாந்தான் போட்டேன், லைன் கெடைக்கல" என்பார். சில நாள், "இல்லையே, இன்னிக்கு நா போடவே இல்லையே" என்பார்.

அவள் யாசீன் ஓதினாள். ஏழைகளுக்குச் சோறு ஆக்கிக் கொடுத்தாள். மனம் ஒரே ஒரு இடத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அந்த வார்த்தை போய்ச் சேர்ந்ததா? மிஷின் ஓடிய சத்தத்தில் அமுங்கியதா? இல்லை, மிஷினை மிதித்த கால் அப்போதே நின்றுவிட்டது. அப்படியானால் இந்த சிம்தான் விழுங்கியதா?

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் குடையை விரித்துக்கொண்டு சிம் விற்கும் வினோதாவிடம்தான் அந்தப் பச்சை சிம்மை வாங்கியிருந்தாள். மலிவு என்று சொல்லி, பழைய நம்பரையே அதற்கு மாற்றிக் கொடுத்தவள் வினோதா. இப்போது கமர் நிஷா போய் மஞ்சள் சிம் ஒன்று கேட்டாள். இன்னொரு நாள் ஊதா. வினோதாவுக்குச் சிரிப்பு.

"என்னக்கா, வளையல் மாரி கலர் கலரா வாங்குறீங்க. பச்ச சரியில்லன்னா தூக்கிப் போட வேண்டியதான?"

"இல்லம்மா, அதுவும் இருக்கட்டும்" என்றாள் கமர் நிஷா.

சோதனை இப்படித்தான் நடந்தது. மிஷின் இருக்கும் ரேழியில் அன்று உட்கார்ந்த அதே இடத்தில், அதே நேரத்தில் உட்கார்ந்து நௌஷினுக்குப் போன் போடுவாள். முதலில் ஒன்றும் பேசாமல் இருப்பாள். பிறகு, "பொறுத்துக்கிட்டேன்" என்று அன்று சொன்ன அதே குரலில் சொல்வாள். கேட்டதா என்று மகளிடம் விசாரிப்பாள். பிறகு எழுந்து அடுப்படி, கொல்லை முருங்கை மரத்தடி, மாடியில் தண்ணீர் டேங்க் பக்கம் என்று ஒவ்வொரு இடமாக நின்று சொல்வாள். மஞ்சள் சிம்மில் எங்கே நின்றாலும் குரல் போனது, ஆனால் மூச்சு விடுவதற்குள் கட்டாகிவிடும். ஊதா மாடியில் பளிச்சென்று எடுத்தது, ரேழியில் செத்துக் கிடந்தது. பச்சைதான் அவளைப் படுத்தி எடுத்தது. ரேழியில் உட்கார்ந்து பேசினால் இன்று கேட்கும், நாளைக்குக் கேட்காது. ஒரே மாதிரியாகக் கேட்காமல் போயிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பாள்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் இதைப் பார்த்துவிட்டுத் தங்கள் போன்களையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவளுக்கு டவர் நிஷா என்ற பெயர் வந்தது அப்போதுதான். அம்பகரத்தூரிலிருந்து மக்கனா துணி வாங்க வந்த ஒரு அம்மாள்கூட தன் வீட்டுக்கு எந்த சிம் எடுக்கும் என்று கேட்டுவிட்டுப் போனாள். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் கூடச் சிரித்தாள். அவள் யாருக்காக அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறாள் என்று ஒருவருக்கும் தெரியாது.

மகளுக்கு மட்டும் ஒரு நாள் புரிந்துவிட்டது. அன்று பச்சை சிம்மில் பேச்சு தெளிவாக இருந்தது.

"உம்மா, தெனம் யார இப்புடிப் பொறுத்துக்கிறீங்க?" என்று கேட்டாள் நௌஷின்.

"சும்மா. டவர் பாக்குறேன்."

  நௌஷின் மெல்லச் சொன்னாள்.

"மாமாவையா? உம்மா, அத நா என்னைக்கோ மறந்துட்டேன். நீங்க டவரப் போயி கேட்டா அது எப்படிச் சொல்லும்? பக்கத்துல இருந்தது மாமிதானே. போயி கேளுங்க."

கமர் நிஷாவுக்கு அது தெரியாதா என்ன? நானாவின் மனைவி ஜுலைஹா மச்சி, ஹாஜிகளோடு ஊர் திரும்பி, அடுத்த தெருவில் இத்தா இருக்கிறாள். கணவன் இறந்த பெண் வெளியே வராமல் இருக்கும் அந்தக் காலத்தில் ஊர்ப் பெண்களெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாயிற்று. கூடப் பிறந்தவள் மட்டும் போகவில்லை. போனால் கேட்க வேண்டும். கேட்டால் பதில் வந்துவிடும். அவர் அந்த வார்த்தைக்கு ஏங்கிக்கொண்டே கண்ணை மூடினார் என்று மச்சி சொல்லிவிட்டால் அப்புறம் எந்த சிம்மைப் போட்டு என்ன செய்வது? அந்தப் பயத்தில்தான் இத்தனை நாளும் முருங்கை மரத்தடியிலும் மாடியிலுமாக அலைந்தாள்.

மறுநாள் மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு, துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு போனாள். கதவைத் திறந்த தௌஹீத், "மாமி, வாங்க" என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் வெளியே போய்விட்டான்.

மச்சி உள்ளறையில் பாயில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். அழுவாள் என்று நினைத்தால், அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாங்க டவர் நிஷா. பச்ச நல்லதா ஊதா நல்லதான்னு ஊரே ஒங்கிட்ட வந்து கேக்குது. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க ஒனக்கு இவ்வளவு நாளா?"

கமர் நிஷா பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மச்சி சின்னக் கிண்ணத்தில் மக்காவிலிருந்து கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீரும் ஒரு பேரீச்சம்பழமும் எடுத்து முன்னால் வைத்தாள். கமர் நிஷா பிஸ்மி சொல்லிக் குடித்தாள். தண்ணீர் இறங்கியது, கேள்வி ஏறி வர மறுத்தது. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மச்சி, நா சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். அவங்களுக்குக் கேட்டுச்சா?"

மச்சியின் கையில் தஸ்பீஹ் நின்றது.

"கேக்கல நிஷா" என்றாள்.

தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். அந்த மணி தெரு முனை தாண்டியதும் மச்சி மேலே சொன்னாள்.

"கேக்குதா, கேக்குதான்னு சன்னல்கிட்ட நின்னு கத்துனாங்க. அப்பறம் போனக் காதுலேர்ந்து எடுத்து, மொகத்துக்கு நேரா வச்சுப் பாத்துக்கிட்டே நின்னாங்க. என்னங்க, சொன்னாளா இல்லியான்னு கேட்டேன். ஒண்ணும் கேக்கல, ஆனா வைக்கல ஜுலைஹா, பாருன்னு எங்கிட்ட நீட்டுனாங்க. போன்ல நொடி ஓடிக்கிட்டிருந்துச்சு. இத்தன பெருநாளும் ஒரு மணியில வச்சுடுவா, இன்னிக்கு வைக்கல, பாருன்னாங்க. அந்த நம்பர் ஓடுறதையே பாத்துக்கிட்டு நின்னாங்க, அதுவா நிக்கிற வரைக்கும். அப்பறம் கை கால் கழுவி ஒளுச் செஞ்சிட்டு வந்து தொழுதாங்க. திரும்ப ஒனக்குப் போடட்டுமான்னு கேட்டேன். வேணாம், போதும்னுட்டாங்க."

கமர் நிஷா தன் வலது கைக் கட்டைவிரலைப் பார்த்தாள். அன்று பொத்தானின் மேல் போய் நின்ற விரல்.  முந்தானைக்குள் அதை மூடி வைத்துக்கொண்டு அழுதாள். மச்சி தேற்றவில்லை. பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து அவளும் அழுதாள்.

வீட்டுக்கு வந்து மஞ்சளையும் ஊதாவையும் வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். பச்சை மட்டும் போனில் இருந்தது. காஜா நஜ்முதீன் குவைத்திலிருந்து சண்டை போட்டார், ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவள் சொந்த போனுக்கு நல்ல சிம் போட்டால் என்ன என்று. அவள் சரி சரி என்றாள், மாற்றவில்லை.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. நானாவுக்கு அந்த வார்த்தை கேட்கவில்லை என்பது கேட்கவில்லைதான். மைக்கை மோதினார் ஊதும்போது அவள் கை இன்னும் ஒரு கணம் நிற்கிறது. அஸருக்குப் பிறகு சில நாள் போன் அடிக்கிறது. எடுத்தால் பேச்சு இல்லை, இரைச்சல்தான். முன்பெல்லாம் ஹலோ ஹலோ என்று பதறி, யாரு யாரு என்று கேட்டு, வேர்த்து விறுவிறுத்துப் பொத்தானை அழுத்துவாள்.

இப்போது யாரென்று கேட்பதில்லை. அந்த வார்த்தையை ஒரு தரம் மெதுவாகச் சொல்கிறாள். பிறகு போனை மிஷின் பலகையில் மல்லாக்க வைத்து, நொடி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பக்கத்தில் யாராக இருந்தாலும் அவர்களாக வைக்கட்டும் என்று.