வேனுக்கு இரண்டாவது சாவி

பழைய கிள்ளான் சாலையில் சிவப்பு விளக்குக்கு நின்றிருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. மண்டையைப் பிளக்கும் வெயில். ஒரு துளி மழை இல்லை. வேனின் வைப்பர் தானாக ஓட ஆரம்பித்தது. அடுத்து நான்கு சிக்னல் விளக்குகளும் மின்னின. கதவுகள் பூட்டிக்கொண்டன, திறந்துகொண்டன, மறுபடி பூட்டிக்கொண்டன. பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிள்காரர் குனிந்து பார்த்து, "பாஸ், வண்டிக்குப் பேய் புடிச்சிருக்கா?" என்றார்.

அதற்கு முன் இரண்டு மாதமாக வைப்பர் ரிலே, சிக்னல் சுவிட்ச், கதவுப் பூட்டு என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தேன். மூன்று பேர் ஒரே நேரத்தில் தப்பு செய்தால் தப்பு அவர்கள் மேல் இல்லை, மேலே உட்கார்ந்து உத்தரவு போடுகிறவன் மேல்தான் என்று அந்தச் சிக்னலில் புரிந்தது. டேஷ்போர்டுக்கு அடியில், ஓட்டுநரின் வலது முழங்காலுக்கு மேலே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. பாடி கன்ட்ரோல் மாட்யூல். விளக்கு, வைப்பர், பூட்டு, ஹாரன் எல்லாம் அது சொல்வதைக் கேட்டுத்தான் நடக்கும். எங்கள் வேனில் எந்தச் சாவி நம்முடையது என்று நினைவு வைத்திருப்பதும் அதுதான். அதை நானே மாற்றுவதென்று பச்சை விளக்கு விழுவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் வேன் என்றேன். என்னுடையதும் அண்ணனுடையதும். விடிவதற்குள் டெங்கில் தோட்டத்தில் வாழை இலைக் கட்டுகளை ஏற்றி, பத்து மணிக்குள் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போட வேண்டும். அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. அதனால் ஒருவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், இன்னொருவன் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்சந்தில் ஓடுவான். அண்ணன் இருந்தவரை நாங்கள் கதவைப் பூட்டியதே இல்லை. அவன் சிங்கப்பூருக்குப் பஸ் ஓட்டப் போன பிறகு ஒவ்வொரு கடையிலும் நான் நிறுத்தி, இறங்கி, பூட்டி, ஓடி, திரும்பி வந்து திறக்கிறேன். பூட்டு கெட்டால் என் பிழைப்பு நின்றுவிடும்.

கிள்ளானில், ஜப்பானிலிருந்து பழைய வண்டிகளைப் பாதியாக அறுத்துக் கொண்டுவந்து உதிரிப் பாகங்களாக விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த நம்பரைப் படம் எடுத்துப் போயிருந்தேன். கடைக்காரர் படத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"யாரு மாட்டறது?"

"நான்தான் பாஸ்."

"மெக்கானிக்கா?"

"எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளோமா."

"ஓ, படிச்சவரு. அப்ப வாரக் கடைசியில திரும்ப வருவீங்க."

சிரித்துக்கொண்டே தேடினார். நான்கு அலமாரி தள்ளி, அதே நம்பரோடு ஒரு பெட்டியை எடுத்துத் துணியால் துடைத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இலை போட்டுவிட்டு வந்து, கம்போங் மேடானில் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில் வேலையைத் தொடங்கினேன். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தேன். எனக்குக் காத்திருக்கத் தெரியாது. பதினைந்து நிமிடத்தில் பதினோரு முறை மணி பார்த்தேன். பிறகு ஓட்டுநர் இருக்கையில் தலைகீழாகப் படுத்தேன். கால்கள் இருக்கையின் முதுகில், தலை பிரேக் மிதிக்குப் பக்கத்தில். வெளிச்சம் போட்ட போனைப் பல்லால் கடித்துக்கொண்டு முதல் ஸ்க்ரூவைக் கழற்றினேன். மூன்றாவது ஸ்க்ரூ இருட்டில் இருந்தது. போனை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டு" என்றேன்.

சொன்ன பிறகுதான், அங்கே யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. போனைத் திரும்பக் கடித்துக்கொண்டேன்.

பெட்டி கையோடு வந்தது. பிளக்குகளைக் கழற்றி மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு ஓரம் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. தண்ணீர் இறங்கிய தடம். தடத்தின் விளிம்பில் சிவப்பாக ஏதோ காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டி மோந்தேன். குங்குமம்.

உடனே புரிந்தது. அண்ணன் கிளம்பிய அன்று காலையில் அவனே வண்டிக்குப் பூஜை போட்டான். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தான், தேங்காய் உடைத்தான், டேஷ்போர்டுக்குக் குங்குமம் வைத்தான். அதோடு விடாமல் பன்னீர்ச் செம்பைக் கவிழ்த்துப் பிடித்தான். "போதும் அண்ணே" என்றேன். "இருக்கட்டும்டா, நீ எங்க இதெல்லாம் செய்யப் போற" என்று கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினான். அந்தப் பன்னீர் வயர்க்கட்டு வழியாக இறங்கி, பெட்டிக்குள் உட்கார்ந்து, மாதக்கணக்கில் உள்ளே இருந்த செம்புக் கம்பிகளை அரித்திருக்கிறது.

புதிய பெட்டியை மாட்டி, பேட்டரியை இணைத்து, சாவியைத் திருப்பினேன். ஹாரன் அலற ஆரம்பித்தது. சிக்னல்கள் மின்னின. என் சாவியைப் பெட்டிக்குத் தெரியவில்லை. எங்கள் வண்டியே என்னைத் திருடன் என்று ஊருக்குச் சொன்னது. மூன்றாம் மாடி ஆன்டி கம்பி வழியாக எட்டிப் பார்த்தார்.

"தம்பி, செத்தவன்கூட எழுந்து உக்காந்துடுவான்லா. நிறுத்து அதை."

"ரெண்டு நிமிஷம் ஆன்டி."

"உங்க அண்ணன் இருந்தப்போ இந்தச் சத்தமெல்லாம் இல்ல."

பேட்டரி வயரைப் பிடுங்கினேன். சத்தம் நின்றதும் வந்த அமைதி சத்தத்தைவிட மோசமாக இருந்தது.

கூடப் படித்த ஒருவனிடம் இரவல் வாங்கிய, வண்டியின் பெட்டிகளோடு பேசும் ஸ்கேன்னரை டேஷ்போர்டுக்கு அடியில் செருகி, வயரைத் திரும்பப் போட்டு, ஹாரனை அடக்கினேன். திரையில் புதிய பெட்டியின் நினைவு வந்தது. பதிந்த சாவிகள்: மூன்று. ஜப்பானில் எங்கோ ஒரு வீட்டில் மூன்று பேர் ஒரு வேனை மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறார்கள். அதை அழிக்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அழித்தேன். அடுத்த வரி வந்தது: பதிய வேண்டிய எல்லாச் சாவிகளையும் தயாராக வைக்கவும்.

ஒரு சாவி என் கையில் இருந்தது. இன்னொன்று அண்ணனிடம். அவனைக் கூப்பிட்டேன்.

"என்னடா, சீக்கிரம் சொல்லு. அடுத்த ட்ரிப்புக்குப் பத்து நிமிஷம்தான் இருக்கு."

"வேன் சாவி உன்கிட்ட இருக்கா?"

"இருக்கு. வீட்டுச் சாவியோடதான் தொங்குது. ஏன்?"

விஷயத்தைச் சொன்னேன், இப்போது பதியாத சாவி இனி இந்த வண்டியைக் கிளப்பாது என்பதையும். பன்னீரைப் பற்றிச் சொல்லவில்லை.

"அப்ப என்னுதை விட்டுடுலா" என்றான். "அதை வச்சு நான் இங்க என்ன செய்யப் போறேன், பஸ்ஸையா ஸ்டார்ட் பண்ணப் போறேன்?"

நான் சிரிக்கவில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"வேணும்னா தபால்ல அனுப்பவா?"

"வேணாம்."

"ஏன்டா?"

"தொலைஞ்சிடும்."

தபாலில் ஒன்றும் தொலையாது. ஆனால் அனுப்பிவிட்டால் இரண்டு சாவியும் என்னிடம் இருக்கும், அவனிடம் ஒன்றும் இருக்காது. ஒரு நாள் திரும்பி வந்து வண்டியைத் திறக்க அவனிடம் எதுவும் இல்லாமல் போவதை நான் விரும்பவில்லை. அதை எப்படிச் சொல்வது? "சாப்பிட்டியா" என்று கேட்டான். "ம்" என்றேன். ட்ரிப்புக்கு நேரமாகிவிட்டது.

எத்தனை சாவி என்று திரை கேட்டது. ஒன்று என்று அழுத்தினேன். டேஷ்போர்டில் சாவி விளக்கு நிதானமாக மூன்று முறை மின்னியது. வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது. வைப்பர் சும்மா இருந்தது. பூட்டைப் போட்டேன், திறந்தேன், போட்டேன். சொன்னபடி கேட்டது. யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. மூன்றாம் மாடியைப் பார்த்தேன். ஆன்டி உள்ளே போயிருந்தார்.

அன்று மத்தியானம் ஸ்கேன்னர் திரையில் எல்லாப் பக்கங்களையும் படித்தேன். இருக்கிற சாவியை அழிக்காமல் இன்னொன்றைச் சேர்க்க ஒரு வழி இருக்கிறது. பதிந்த சாவியைப் போட்டு, திருப்பி, வெளியே எடுக்க வேண்டும். பத்து விநாடிக்குள் புதிய சாவியைப் போட வேண்டும். இரண்டு சாவியும் ஒரே நேரத்தில் ஒரே வண்டியில் இருந்தால்தான் நடக்கும்.

அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன்: "வர்ற ஞாயிறு லீவா?" ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "பார்ப்போம்லா."

ஸ்கேன்னரை இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறேன். ஞாயிறு இலை வராது என்று கடைகளுக்கும் சொல்லிவிட்டேன். வெறும் வேனை ஜொகூர் பாருவரை ஓட்டிப்போய், சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி வருகிறவர்கள் வெளியே வரும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தப் போகிறேன். அவன் வந்தால் பத்து விநாடி வேலை. என் சாவியை நான் எடுத்ததும் அவன் சாவியை அவனையே போடச் சொல்வேன்.