புடலங்காய்க்கு வாக்குக் கொடுத்த லலிதா

சனிக்கிழமை காலை எனக்குச் செய்தி சொன்னவர் லலிதாவின் வீட்டார் அல்ல. பாறசாலையில் காய்கறி பயிரிடும் தங்கராஜ். "சாறே, அம்மா போயிட்டாவ. ஒறக்கத்திலயாம். நான் வண்டி நெறைய காயோட தெருமுனையில நிக்கேன். இத எங்க கொண்டு போவேன்?" இரண்டு துக்கத்தையும் ஒரே மூச்சில் சொன்னார். ஸ்ரீவராகம் தெருவில் அன்று எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. காய் வாங்க யார் வருவார்கள்?

ஒரே அலுவலகத்தில் எதிரெதிர் மேசையில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் லலிதாவும் நானும். லலிதாவை அறிந்த உங்களுக்கு அந்த உற்சாகத்தைச் சொல்ல வேண்டியதில்லை. "நடுவுல ஒருத்தன் எதுக்கு சார்? நட்டவர் கையாலயே வாங்கிடலாம்" என்று, சனிக்கிழமைதோறும் தங்கராஜிடமே காய் வாங்கத் தெருவையே சேர்த்துவிட்டார்.

முன்னோருக்குத் திதி கொடுக்கும் மாளய பட்சம் வந்தது. அந்தப் பதினைந்து நாளும் எங்கள் அக்கிரகாரத்தில் கோஸ், காரட் உள்ளே வராது. புடலையும் வாழைக்காயும் அவரையும்தான். கொண்டுவந்ததெல்லாம் பறந்ததைப் பார்த்துத் தங்கராஜ் அசந்துபோனார். அவர் கிறிஸ்தவர், காரணம் தெரியாது. தெரிந்த லலிதாவோ, விற்ற மகிழ்ச்சியில், "இன்னும் நடுங்கோ, நான் எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

கொடி காய்த்தபோது தெரு முழுக்கக் கோஸுக்குத் திரும்பியிருந்தது. முன்பு அவரிடம் மொத்தமாக வாங்கிவந்த சந்தை வியாபாரியோ, "அந்த அம்மாக்கே கொண்டு குடு" என்று தங்கராஜைத் திருப்பியனுப்பினார். லலிதா வாக்கு மாறவில்லை. வாரம் தவறாமல் வாங்கினார். கூட்டு, பொரியல், கடைசியில் தோசை மாவில்கூடப் புடலை. விட்டுத் தொலையுங்கள் என்றேன். "ஆப்பசைச்ச குரங்காட்டம் மாட்டிண்டேன் சார். ஆனா அந்த மனுஷரும் என்னோடதானே மாட்டிண்டிருக்கார்?" என்றார்.

புனேயில் இருக்கும் மகள் கூப்பிடாத மாதமில்லை. போனாலும் சனிக்கிழமைக்குள் ஓடிவந்துவிடுவார். பெற்ற மகளோடு நாலு நாள் இருக்க ஒரு புடலங்காயா தடை? எனக்கு அப்போதும் கோபம்தான், இப்போதும் கோபம்தான். அன்று வந்திறங்கிய மகள் வாசலில் நின்று அந்தக் காய் வண்டியைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

எல்லாம் முடிந்து சுடுகாட்டிலிருந்து திரும்பினோம். தங்கராஜ் அதே இடத்தில் நின்றிருந்தார். தோர்த்துத் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு கேட்டார்: "அடுத்த சனியாழ்ச்ச வரட்டா, வேண்டாமா? கொடி நெறைய காய்ச்சு கெடக்கு."

தெருவார் தரையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் வாய் திறந்திருக்கக் கூடாது.

"வாங்க" என்றேன்.

லலிதாவிடமிருந்து எனக்குக் கிடைத்திருப்பது அவருடைய சனிக்கிழமை. பெருமைக்குச் சொல்லவில்லை, கழற்றிக்கொள்ள வழி தெரியாமல் சொல்கிறேன். அன்றைய காயெல்லாம் என் வீட்டில்தான் இறங்கின. மனைவி அரிவாள்மணையை என் முன்னால் நகர்த்தினாள். காலையிலிருந்து கண் கலங்காதவன், முதல் புடலங்காயை நறுக்கியபோது உடைந்து அழுதேன்.