கசக்க வேண்டிய மாவு

1994 மே 12, வியாழக்கிழமை. காலையில் அம்மா எருமையைக் கறந்தார், அப்பா பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்தார். ஒன்பது வயதுக்காரியான நான் வாசலில் தண்ணீர் தெளித்தேன். பத்து மணிக்கு, ஜலகண்டாபுரத்தை ஒட்டிய எங்கள் தெருவின் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. ஐந்து பெண்கள் கம்பங்களி தின்பதற்காக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

கூப்பிட்டது என் அத்தை, அப்பாவின் தங்கை. கோயம்புத்தூரில் உணவு அறிவியல் படித்துக்கொண்டிருந்தார். கம்பில் இரும்புச் சத்து உண்டு, ஆனால் அரைத்த மாவு சீக்கிரம் கசந்துவிடும். தானியத்தைக் கொதிநீரில் முக்கி, காயவைத்து அரைத்தால் கசக்காது என்று நிரூபிப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அப்படிக் கொதிநீரில் முக்கிய கம்பின் மாவு ஒரு டப்பாவிலும், முக்காத கம்பின் மாவு இன்னொன்றிலும் ஒரு மாதமாக இருந்தன. இந்த லீவுக்குள் முடியாவிட்டால் படிப்பை நிறுத்தி, அம்மாவின் தம்பிக்குக் கட்டிக்கொடுத்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார்.

இரண்டு மாவிலும் தனித்தனியாகக் களி கிண்டி, எது கசக்கிறது என்று சொல்லும்படி அத்தை பரிமாறினார்.

"ரெண்டுமே தங்கமாட்டம் இருக்குது அம்மிணி" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"கசப்பு இல்லீங்களாக்கா? மரியாதைக்குச் சொல்லாதீங்க."

"இல்லாத கசப்ப நான் எங்க போயி கொண்டாறது?"

அத்தை இரண்டையும் வாயில் போட்டுப் பார்த்தார். இரண்டிலும் கசப்பே இல்லை. அம்மா சிரித்துக்கொண்டே வந்தார்.

"அந்த ரெண்டாவது டப்பா கெட்டுப்போச்சு அம்மிணி. எருமைக்குக் கொட்டினேன், அதுவே மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. அதான் நேத்து புதுசா அரைச்சு வெச்சேன். நாலு பேரக் கூப்புட்டு நம்மூட்டுல கசப்புக் களியா போடறது?"

"அப்ப எருமைகிட்டயே மார்க்கு வாங்கியிருக்கலாமே!" என்றார் ஒரு பெண். எல்லாரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை.

"அது கசக்கோணும்னுதானே அண்ணி ஒரு மாசமாக் காத்துக்கிட்டிருந்தேன்? உங்க தம்பிக்குக் கட்டி வெக்கத்தான் இப்படிப் பண்ணீங்களா?"

வந்தவர்கள் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அம்மா பாத்திரங்களை எடுத்துப் போனார். களி நன்றாக இருப்பதற்கு ஒருவர் அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன். மீதியை நானே தின்று தீர்த்தேன்.

பொழுது சாய்ந்ததும், அப்பாவுக்குச் சோறு போடும்போது அம்மா பேசினார்.

"தப்பு என்னோடதுங்க. புள்ள படிப்ப முடிக்கட்டும். கல்யாணப் பேச்சு இப்ப வேண்டாங்க."

"உன் தம்பி அதுவரைக்கும் காத்திருப்பானா?"

"காத்திருந்தா இருக்கட்டும். இல்லீனா வேற பொண்ணு பாக்கட்டுங்க."

அப்பா தலையை ஆட்டிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். கதவோரம் நின்ற அத்தை உள்ளே வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறந்த வீட்டுக்கு அம்மா இதை எப்படிச் சொல்லப்போகிறார் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. மாமா அடுத்த வாரம் மாம்பழம் கொண்டுவருவாரா மாட்டாரா என்பதுதான் என் கவலை.

மறுநாள் விடிந்ததும், கறவையை அப்பாவிடம் விட்டுவிட்டு, மில் திறக்கும் முன்பே அம்மா போய் நின்றார். இரண்டு படி கம்பை அரைத்து வந்து, டப்பாவில் அடைத்து, அது கசப்பதற்காக அலமாரியில் வைத்தார்.