ஜேபஸ் தர்லோ தன்மேலேயே நடத்திய வழக்கு

நியூபோர்ட் துறைமுகத்தில் ஜேபஸ் தர்லோ காலையில் வியாபாரி, மதியத்துக்குமேல் வக்கீல். போதகராக வேண்டியவர், அப்பா பிரசங்கம் செய்யும்போது வாய்விட்டுச் சிரித்ததில் அந்த வழி அடைபட்டுப்போனது. மனைவியின் பெயர் பேஷன்ஸ், பொறுமை என்று அர்த்தம். பெயர் வைத்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். கணவர் கோர்ட்டில் தொண்டை கிழியக் கத்தும் நேரமெல்லாம் கடையையும் ஐந்து பிள்ளைகளையும் மேய்த்தது அவள்தான்.

ஒருநாள் கேப்டன் ஓபெட் ஸ்வீட்லண்ட் கடைக்குள் புயலாக நுழைந்தார்.

"வக்கீலய்யா, ஒரு கேஸ் போடணும்."

"யார்மேல?"

"உங்கமேலதான். நீங்க குடுத்த கருவாட்டுப் பீப்பாயத் தொறந்தா, என் ஆளுங்க கடல்ல குதிக்கப் பாத்தானுங்க. அப்படி ஒரு நாத்தம்!"

"வேற வக்கீலப் பாருங்களேன்."

"அந்தாளு மூட்டு வீங்கிப் படுத்துக் கெடக்கான். எழுந்தாலும் ஜெயிக்கமாட்டான். ஜெயிக்கிறது நீங்கதானே?"

ஜேபஸ் அதில் விழுந்துவிட்டார். யாராவது புகழ்ந்தால் கால்சட்டையைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிடுவார் என்பது பேஷன்ஸுக்குத் தெரியும்.

"உங்களுக்கென்ன கிறுக்கா? அப்ப நம்ம கடைக்கு யாரு பேசறது?"

"நீயே பேசேன். வீட்ல பேசாததா?"

கோர்ட்டில் தலையிலிருந்த வக்கீல் டோப்பா ஒருபக்கம் சரிய, "பேராசை பிடித்த அந்த வியாபாரி" என்று ஜேபஸ் தன்னைத்தானே காய்ச்சி எடுத்தார். கூட்டம் கண்ணைத் துடைத்து மூக்கை உறிஞ்சியது. அடுத்து பேஷன்ஸ் எழுந்தாள்.

"ஐயா, அவர் சொன்னது அத்தனையும் நெசம். அந்தாளு பேராசைக்காரர்தான், கூடவே குடித்தனம் பண்றேனே, எனக்குத் தெரியாதா? ஆனா கேப்டன் மூக்கப் பொத்திக்கிட்டேதான் பேரம் பேசினாரு. நாறுதுன்னு சொல்லித்தான் வெலையப் பாதியாக் கொறச்சாரு."

கேப்டன் தொப்பிக்குள் முகத்தைப் புதைத்தார். சிரித்து முடிக்கவே நீதிபதிக்கு நேரம் பிடித்தது. வழக்கு தள்ளுபடி, கருவாடு கேப்டனுக்கே.

வீடு திரும்பும் வழியில் ஜேபஸ் கேட்டார்: "இப்ப நான் ஜெயிச்சனா, தோத்தனா?"

"நான் ஜெயிச்சேன். பேசாம வாங்க."

அதற்குப்பின் ஜேபஸ் எந்த வாதத்தையும் முதலில் அடுப்படியில்தான் பேசிப்பார்த்தார். பேஷன்ஸ் மாவு பிசைந்துகொண்டே, "இந்தக் கண்ணீரெல்லாம் வேணாம், விஷயத்துக்கு வாங்க" என்பாள். அவரும் முணுமுணுத்தபடியே அந்த இடத்தை வெட்டிவிடுவார். அன்றிலிருந்து சாகும்வரை அவர் தோற்றது இரண்டே வழக்குகளில். இரண்டு முறையும் அவள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள்.