டெல்மர் ஒருமுறைதான் கேட்டான்

லூரீன் பீல் சேற்றில் இறங்கியபோது அவளுக்கு இருபது வயது. அன்று குனிந்த முதுகு அதன் பிறகு சரியாக நிமிரவே இல்லை. மெய்ன் மாநிலத்தின் கிழக்குக் கோடியில் ஹேக்கட் கோவ் என்ற கடற்கரையூர். கடல் உள்வாங்கியதும் தொடைவரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்க வேண்டும். பல்வைத்த கொத்தால் சேற்றைப் புரட்ட வேண்டும். தூண்டிலில் கோக்கும் ரத்தப்புழுக்களைப் பொறுக்கி வாளியில் போட வேண்டும். தண்ணீர் திரும்பி வருவதற்குள் கரையேறிவிட வேண்டும். புழு கடித்தால் குளவி கொட்டினாற்போல எரியும். மருந்து என்று யாரும் எதையும் தேடுவதில்லை. எச்சிலைத் தடவிக்கொண்டு அடுத்த பிடி கொத்துவார்கள்.

பக்கத்துச் சாலில் தம்பி டெல்மர் தோண்டுவான். நான்கு வயது இளையவன். லூரீனின் கணவன் எப்போதோ புளோரிடாவுக்குப் போனவன், திரும்பவில்லை. டெல்மர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டில் அக்காளும் தம்பியுமாக, சனிக்கிழமை தவறாமல் பீன்ஸ் வேகவைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, எதற்கெடுத்தாலும் சண்டை போட்டுக்கொண்டு இருந்தார்கள்.

இரண்டாயிரத்துப் பதினான்கு பிப்ரவரியில், புதிய சட்டப்படி எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு என்று கேள்விப்பட்டு லூரீன் ஊர் நூலகத்துக்குப் போனாள். ஊர் மருத்துவ நிலையத்தில் வேலை பார்க்கும் ட்ரூடி அங்கே கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். லூரீனின் வருமான வரித் தாளைப் பார்த்து எண்களைத் தட்டினாள். முகம் மாறியது.

“லூரீன், நீ சம்பாதிக்கிறது பத்தாது. அதனால உனக்கு உதவி கிடையாதுங்குது.”

“பத்தாதுன்னுதானேடி வந்தேன்?”

“அது தெரியுது. உன்னைவிடக் கொஞ்சம் அதிகமா சம்பாதிக்கிறவங்களுக்கு இந்தக் காப்பீட்டுச் சந்தையில மலிவாக் கிடைக்கும். உன்னை மாதிரி அடியில இருக்கிறவங்களை மாநில அரசு தன்னோட இலவசக் காப்பீட்டுல சேத்துக்கும்னு நெனச்சுதான் வாஷிங்டன்ல சட்டம் போட்டாங்க. பெரும்பாலான செலவை அவங்களே குடுக்கறோம்னாங்க. சேக்கறதும் சேக்காததும் மாநிலத்தோட இஷ்டம்னு கோர்ட் சொல்லிடுச்சு. நம்ம ஆளுநர் வேண்டாம்னுட்டார்.”

“அப்ப நான் அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல.”

“சின்னப் பிள்ளை இருந்தா வேற கணக்கு. இல்லைல்ல?”

“ஐம்பத்திரண்டு வயசுல இனிமே பெத்துக்கறதா?” என்று எழுந்து வந்துவிட்டாள்.

அந்தக் கோபம் அவளுக்குள் ஆறவே இல்லை. சட்டமன்றம் திரும்பத் திரும்ப நிறைவேற்றியதை ஆளுநர் திரும்பத் திரும்பத் தள்ளுபடி செய்தார். கடைசியில், மக்களிடமே நேரடியாக வாக்கெடுப்புக்கு விடுவோம் என்று ஒரு குழு கிளம்பியது. அதற்குக் கையெழுத்துகள் வேண்டும். இரண்டாயிரத்துப் பதினாறு தேர்தல் அன்று, தீயணைப்பு நிலையத்து வாக்குச்சாவடி வாசலில், மடக்கு மேசையைப் போட்டு லூரீன் உட்கார்ந்தாள். வாழ்க்கையில் கூட்டத்துக்கு முன்னால் வாய் திறக்காதவள், அன்று வந்தவர் போனவரையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தினாள்.

டெல்மர் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தான். அவள் பேனாவை நீட்டினாள்.

“வை அதை. அடுத்தவன் காசுல வைத்தியம் பாத்துக்க நான் என்ன நொண்டியா?”

“நீயும்தானேடா வரி கட்டறே?”

“கட்டறேன். கேக்க மாட்டேன். அது வேற, இது வேற.”

“போடா, பெரிய பிரபு!”

பின்னால் நின்ற புழு வியாபாரி ஹாலிஸ் சிரித்தான். “அவனை விடு லூரீன், அவன் மயக்கமருந்து இல்லாம பல்லுப் புடுங்கிக்கிற ஜாதி. இப்படிக் குடு, நான் போடறேன்.”

மறுவருஷம் நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. காப்பீட்டை விரிவாக்க வேண்டும் என்று மாநிலம் பெருவாரியாகச் சொல்லிவிட்டது. லூரீன் அன்று சமையலறையில் தனியாக நின்று அழுதாள். ஆனால் சட்டமன்றம் முதலில் நிதிக்கு வழி சொல்லட்டும், அதுவரை நடைமுறைப்படுத்த முடியாது என்றார் ஆளுநர். வழக்கு நீதிமன்றம் போனது. அடுத்த ஜூலை இரண்டாம் தேதி காப்பீடு தொடங்க வேண்டும் என்பது வாக்கெடுப்பின் விதி. நாள் மட்டும் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வசந்தத்தில்தான் லூரீன் தம்பியின் துணிகளைத் துவைக்கும்போது ரத்தக்கறையைப் பார்த்தாள். ஒருமுறை என்றால் மூலம் என்று விட்டிருப்பாள். வாரம் தவறாமல் இருந்தது. அவன் பெல்ட்டில் புதிதாக இரண்டு துளைகள் போட்டிருந்ததும் கண்ணில் பட்டது.

“எத்தனை நாளா?”

“என்ன எத்தனை நாளா?”

“டெல்மர்.”

அவன் ஜன்னலைப் பார்த்தான். “கிறிஸ்துமஸ்லேர்ந்து.”

இழுத்துக்கொண்டு ட்ரூடியின் நிலையத்துக்குப் போனாள். செவிலியர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், அதற்குப் பாங்கோர் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்றார். கையில் காசில்லாதவர்களுக்கு மருத்துவமனையில் தருமக் கணக்கு உண்டு, ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும் என்று ட்ரூடி சொன்னாள். தருமம் என்ற சொல்லைக் கேட்டதுமே டெல்மர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டான்.

லூரீன் விடவில்லை. சேற்றில், சாப்பாட்டில், வண்டியில் ஒரே பேச்சு. “அது தருமம், சரி, வேண்டாம். இது சட்டம்டா. ஊர் கூடி ஓட்டுப் போட்டது. உனக்கு யாரும் பிச்சை போடலை. உன் பங்கு அது.” இப்படி இரண்டு மாதம். ஜூன் கடைசியில் ஒரு நாள், கொத்தைச் சேற்றில் ஊன்றி அதன்மேல் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, “சரி, எழுது. என் பேரை எழுது,” என்றான். அவன் அப்படி ஒத்துக்கொண்டது லூரீனுக்குச் சந்தோஷமாக இல்லை. எவ்வளவு வலி இருந்தால் இவன் சரி என்பான் என்று நினைத்தாள்.

ஜூலை இரண்டு, திங்கட்கிழமை. நிலையம் திறக்கும்போதே இருவரும் வாசலில் நின்றார்கள். டெல்மர் சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டிருந்தான். படிவத்தில் எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டான். ட்ரூடி இரண்டு பேருக்கும் சேர்த்தே அனுப்பினாள்.

சில வாரங்களில் பதில் வந்தது, ஆளுக்கொரு உறை. வரிக்கு வரி ஒன்றேதான், பேர்தான் வேறு. தாங்கள் தகுதியான எந்தப் பிரிவிலும் வரவில்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

டெல்மர் அதை இரண்டு முறை படித்தான். நான்காக மடித்தான். கத்தவில்லை, கத்தியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். “கேட்டேன். இல்லைன்னுட்டாங்க. இனிமே இந்தப் பேச்சை எடுக்காதே, அக்கா.”

“மேல்முறையீடு பண்ணலாம்டா. ட்ரூடி சொல்றா, கோர்ட்ல நம்ம பக்கம்தான்...”

“எடுக்காதேன்னேன்.”

அவள் அவனுக்குத் தெரியாமல் மேல்முறையீட்டுக் கடிதம் போட்டாள். தருமக் கணக்கைப் பற்றி மட்டும் மறுபடி சொல்லத் தைரியம் வரவில்லை. ஒருமுறை வாசலில் நிறுத்தி வைத்து அவமானப்படுத்தியாயிற்று, இன்னொரு முறை எந்த முகத்தோடு கூப்பிடுவது? அந்தத் தயக்கத்துக்காக அவள் தன்னைப் பின்னால் எத்தனையோ நாள் திட்டிக்கொண்டாள்.

செப்டம்பரில் ஒரு முற்பகல், கரையிலிருந்து கால் மைல் தள்ளி ஆழச் சேற்றில் தோண்டிக்கொண்டிருந்தார்கள். டெல்மர் அப்படியே மடங்கி உட்கார்ந்தான். வயிறு கல்லாக வீங்கியிருந்தது. எழுப்பப் பார்த்தாள். சேறு அவனை விடவில்லை. தண்ணீர் திரும்ப ஆரம்பித்திருந்தது. பூட்ஸைச் சேற்றிலேயே விட்டுவிட்டு அவன் காலை உருவினாள். வாளி வைத்து இழுக்கும் சறுக்குப் பலகையில் அவனைக் கிடத்தி, கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு இழுத்தாள். அவள் போட்ட கூச்சலைக் கேட்டுத் தூரத்தில் தோண்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓடி வந்தார்கள். கரையேறியபோது தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது.

பாங்கோரில் அன்றே அறுத்தார்கள். குடல் அடைத்துவிட்டது, கட்டி ஈரல்வரை போயிருந்தது. அறுவை மருத்துவர் இளம்பெண். பொறுமையாக எல்லாம் சொன்னாள்.

“ஜூலையில கூட்டிட்டு வந்திருந்தா?” என்று லூரீன் கேட்டாள்.

மருத்துவர் கையிலிருந்த தாளைப் புரட்டினாள். “அதைச் சொல்றது கஷ்டம்மா,” என்றாள்.

வீட்டுக்கு வந்த டெல்மர் முன்னறைக் கட்டிலில் கிடந்தான். நவம்பரில் புது ஆளுநருக்கான தேர்தல். தபால் ஓட்டு வாங்கி வரச் சொன்னான். அவளை அறைக்கு வெளியே போகச் சொல்லிவிட்டு, குறித்து, தானே நாக்கால் நனைத்து உறையை ஒட்டினான். யாருக்குப் போட்டான் என்று அவள் கேட்கவில்லை. காப்பீட்டை விரிவாக்குவேன் என்றவர் ஜெயித்தார் என்று தேர்தலுக்கு மறுநாள் காலையில் சொன்னபோது, “உன் ஆளு வந்தாச்சா? இனிமே உன்னைக் கையில புடிக்க முடியாது,” என்று மட்டும் சொல்லிச் சிரித்தான். டிசம்பர் ஆறாம் தேதி, அவள் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தபோது போய்விட்டான்.

புத்தாண்டு பிறந்த மூன்றாம் நாள், பதவியேற்றவுடனே புது ஆளுநர் காப்பீட்டு உத்தரவில் கையெழுத்திட்டார். சில வாரங்களில் மறுபடி இரண்டு உறைகள் வந்தன. விண்ணப்பம் ஏற்கப்பட்டது, ஜூலை இரண்டாம் தேதி முதலே காப்பீடு செல்லும். டெல்மர் பீல் என்ற பெயரில் ஓர் அட்டையும் இருந்தது. குடும்ப நிலையில் மாற்றம் இருந்தால் பத்து நாளைக்குள் தெரிவிக்கவும் என்று அடியில் போட்டிருந்தது. லூரீன் தொலைபேசியை எடுத்தாள்.

“என்ன மாற்றம், மேடம்?” என்றது ஒரு பெண் குரல்.

“செத்துட்டான்.”

“எந்தத் தேதியில?”

“டிசம்பர் ஆறு.”

“அப்ப... அந்தத் தேதிவரைக்கும் அவருக்குக் காப்பீடு உண்டு, மேடம். மருத்துவமனைக்கு நாங்களே எழுதிடறோம்.”

“நல்லது,” என்று சொல்லி வைத்தாள்.

கையெழுத்து வாங்கிய குழுவிலிருந்து கூப்பிட்டார்கள். தலைநகரில் வெற்றி விழா, மேடையேறித் தம்பியைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். “அவன் உங்களுக்குக் கையெழுத்துப் போடலை. போட்ட மாதிரி நான் பேச முடியாது,” என்றாள். போகவில்லை.

மார்ச்சில், தம்பிக்கு வந்தது அக்காளுக்கும் வரலாம், சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ட்ரூடி வற்புறுத்தி அவளைப் பாங்கோருக்கு அழைத்துப் போனாள். குடலில் இரண்டு சிறு முளைகளைக் கண்டு, அங்கேயே கிள்ளி எடுத்துவிட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை, மூன்று வருஷம் கழித்து வந்தால் போதும் என்றார்கள். திரும்பும் வழியில் ட்ரூடி கடையில் நிறுத்திச் சூடாக மீன் சூப் வாங்கிக் கொடுத்தாள். லூரீனுக்குப் பாதிக்கு மேல் இறங்கவில்லை.

பனி கரைந்ததும் அவள் மறுபடி சேற்றில் இறங்கினாள். ஆழத்தில் தனியாகத் தோண்டக் கூடாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விதி. ஜோடி சேர்த்துவிடட்டுமா என்று ஹாலிஸ் கேட்டபோது வேண்டாம் என்றுவிட்டாள். இப்போது கரையோரமாகவே தோண்டுகிறாள். அங்கே புழு குறைவு.