முழங்காலில் இடித்த பலகை

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஆயுத பூஜை அன்று நடந்தது இது. திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில், அகரத்தைத் தாண்டி ஒரு தோட்டத்து வீட்டில்.

நான் அந்தப் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஆசிரியை. எங்கள் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர் அக்காவும் நானும் நல்ல சிநேகிதிகள். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் மோட்டாரில் ஓடும் கடலை உடைக்கும் மெஷினைத் தானே யோசித்துச் செய்து, சுற்றுவட்டாரத்தில் விற்றவர். பெரிய படிப்பு கிடையாது. கிணற்று மோட்டார்களைப் பிரித்துப் பிரித்துப் பழுது பார்த்துக் கற்றுக்கொண்ட தொழில். அவர் இறந்த பிறகும் அக்கா அவருடைய பட்டறையைக் கலைக்கவில்லை. வருடத்துக்கு ஒரு முறை, ஆயுத பூஜைக்கு மட்டும், மெஷினில் கடலையைக் கொட்டி ஓட்டுவார்கள். "ஒரு தடவ வந்து பாருங்க டீச்சர்" என்று ஒவ்வொரு வருடமும் கூப்பிடுவார். அந்த வருடம்தான் எனக்குப் போக முடிந்தது.

தகரக் கூரை போட்ட நீளமான அறை. சுவரில் அரங்களும் ஸ்பேனர்களும் வரிசையாகத் தொங்கின. ஆணியில் ஒரு காக்கிச் சட்டை. மேசை மேல் அவருடைய மூக்குக் கண்ணாடி. அதில் உடைந்துபோன ஒரு பக்கக் காலுக்குப் பதில் செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார். மூலையில் வெங்காயத்தைப் பெரிது சிறிதாகப் பிரிக்கிற சல்லடை ஒன்று பாதி வேலையில் நின்றிருந்தது. அதை முடிக்குமுன் போய்விட்டாராம்.

நடுவில் பச்சை பெயின்ட் அடித்த மெஷின். அதன் முன்பக்கம் முழங்கால் உயரத்துக்குக் குறுக்கே நீளமாக ஒரு பலகை இருந்தது. கிட்டே போனதுமே நான் அதில் லேசாக இடித்துக்கொண்டேன்.

"எல்லாரும் அதுல இடிச்சுக்கிறாங்க டீச்சர். எம்மகன் அதக் கழட்டிப் போடுங்கம்மாங்குறான்" என்றார் அக்கா. மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான்.

கருவிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து, பொரியும் சுண்டலும் படைத்துச் சாமி கும்பிட்டோம். பிறகு அக்காவின் கணவர் கடலையைக் கொட்டி மோட்டாரைப் போட்டார். தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சத்தம் காதை அடைத்தது. ஒரு பக்கம் தொலி பறந்தது. இன்னொரு பக்கம் பருப்பு உடையாமல் முழுசு முழுசாக விழுந்தது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று செல்போனில் வீடியோ எடுத்தேன். பருப்பு விழுவதைக் கிட்டத்தில் எடுக்கலாமே என்று பலகைக்கு மேல் குனிந்தேன்.

முதலில் யாரோ விளையாட்டாக என் முந்தானையைப் பிடித்து இழுப்பது போலத்தான் இருந்தது. திரும்பிப் பார்க்கக்கூட முடியவில்லை. மெஷினுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சுழலும் தண்டில் முந்தானை சுற்றிக்கொண்டிருந்தது. தோளில் ஊக்கு குத்தியிருந்ததால் சேலை நழுவவும் இல்லை. போன் எங்கோ விழுந்தது. ஒரு கையை மெஷினில் ஊன்றித் தள்ளினேன், வழுக்கியது. கத்தினேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அக்கா சுண்டல் எடுக்க வீட்டுக்குள் போயிருந்தார். அவர் கணவர் எனக்கு முதுகு காட்டிக்கொண்டு சாக்கைப் பிரித்துக்கொண்டிருந்தார். என் முகம் தண்டை நோக்கிப் போவது எனக்கே தெரிந்தது.

உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்தபோது என் இரண்டு முழங்கால்களும் அந்தப் பலகையில் போய் மோதின. 'டக்' என்று ஒரு சத்தம். தண்டு இன்னும் ஓரிரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. மோட்டார் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. என் தாடைக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்திருக்கும்.

கடலை உடைபடும் சத்தம் நின்றதால்தான் அவர் திரும்பிப் பார்த்தார். ஓடிப் போய் சுவிட்சை அணைத்தார். அக்கா கத்தரிக்கோல் கொண்டுவந்து முந்தானையை வெட்டினார். தோளிலும் கழுத்திலும் சிவந்து தடித்திருந்தது. வேறு காயம் இல்லை.

"பெல்ட் அறுந்துருச்சா?" என்று அக்காவின் கணவர் குனிந்து பார்த்தார். அறுபடவில்லை. மெஷினோடு சேர்ந்து சுற்றும் சக்கரத்திலிருந்து, பக்கத்தில் சும்மா சுற்றும் சக்கரத்துக்கு பெல்ட் நகர்ந்திருந்தது. அதைத் தள்ளிவிட்டது அந்தப் பலகையோடு பொருத்தி, பெல்ட்டை இரண்டு பக்கமும் அணைத்தபடி இருந்த ஒரு இரும்புக் கவை.

அக்கா பலகையைக் கையால் அழுத்திப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க அம்மாவுக்கு வலது கையில ரெண்டு விரல் இல்ல டீச்சர்" என்று ஆரம்பித்தார்.

அப்பா செய்த முதல் மெஷினில் பலகை கிடையாதாம். அம்மா கடலை கொட்டிக்கொண்டிருந்தபோது சேலை மாட்டியிருக்கிறது. விடுவிக்கப் போன கையும் மாட்டிக்கொண்டது. வெளியே இருந்த அப்பா ஓடிவந்து நிறுத்துவதற்குள் விரல்கள் போய்விட்டன. அதற்குப் பிறகு அவர் பல மாதம் பட்டறைப் பக்கமே போகவில்லை.

"அப்புறம் ஒரு நா, ரெண்டு கையும் மாட்டிக்கிட்டா மனுசன் எதவச்சு நிறுத்துவான்னு கேட்டுக்கிட்டே இருந்தாராம். இழுக்கையில ஒடம்பு முன்னாலதான வரும், அந்த எடத்துல ஒண்ண வைப்போம்னு வச்சதுதான் இது."

அதோடு விடவில்லை. ஏற்கெனவே விற்ற மெஷின்களுக்கும் பலகை மாட்ட வத்தலக்குண்டு பக்கம், பாலசமுத்திரம் பக்கம் என்று பலகைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். வேலைக்கு இடைஞ்சல் என்று சிலர் அவர் தலை மறைந்ததும் கழற்றிப் போட்டுவிடுவார்களாம். அவர் மறுபடியும் போய் மாட்டிவிட்டு வருவாராம்.

"இம்புட்டு வருசம் கழிச்சும் இது வேல செய்யும்னு எனக்கே தெரியாது டீச்சர். பொங்கலுக்கு மகன் வந்தா கழட்டிரச் சொல்லலாம்னு இருந்தேன்."

அடுத்த வாரம் பள்ளியில் அக்கா என் முகத்தைப் பார்க்கவே சங்கடப்பட்டார். பட்டறையைப் பூட்டிவிடப் போவதாகவும், மெஷினை எடைக்குப் போட்டுவிடும்படி மகன் சொல்வதாகவும் சொன்னார். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"என்னக் காப்பாத்துனதையுமா எடைக்குப் போடுவீங்க?" என்று கேட்டேன். பொங்கலுக்கு வந்த மகன், தண்டையும் பெல்ட்டையும் கம்பி வலை வைத்து மூடிவிட்டுப் போனான். பலகையை அவன் தொடவில்லை. மறு வருடம் என் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளித்தான் நின்றேன். மோட்டாரைப் போட்டதும் இன்னும் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டேன். பிள்ளைகள் அந்தப் பலகையை ஆளுக்கொரு தடவை தள்ளி, மெஷின் நிற்பதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அக்காவின் அப்பாவை நான் பார்த்ததில்லை. மனைவியின் கைக்கு நேர்ந்ததை அவரால் மாற்ற முடியவில்லை. ஆனால் இனிமேல் அந்த மெஷின் முன்னால் யார் யார் வந்து நிற்பார்களோ, அவர்களை நினைத்து உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அப்படி அவர் நினைத்துப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி என்பது, கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கும்போது சில நாட்கள் சட்டென்று நினைவுக்கு வரும்.